மூன்று கல்லூரிகளும் ஒரு மீன் கூடையும்

ஐந்து நாள் புதுச்சேரியில் இருந்தேன். கடற்கரைச் சாலைக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. அலுவலகத்தில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. பாண்டிக்குப் போய்விட்டு வந்து வேறென்ன சொல்வீர்கள் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்கள். நான் போனது மகளுக்குக் கல்லூரி பார்க்க.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விருதுநகரில் முத்திரை ஆய்வாளராக இருக்கிறேன். கடைகளில் தராசும் எடைக்கல்லும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். இருபத்து நான்கு வருடமாக எந்த எடைக்கல்லைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றியிருக்கும், ஈயத்தின்மேல் எங்கள் முத்திரை இருக்கும். கைகாரக் கடைக்காரர்கள் அந்த ஈயத்தைத்தான் சுரண்டுவார்கள். இந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் என் கணவர் வாசலிலேயே நின்றுகொள்வார்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூத்தவன் செந்திலை மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சென்னையில் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை, உழைத்துச் சாப்பிடுகிறான். ஆனால் நான்கு வருடம் படித்ததில் ஒன்றும் அவன் கையில் ஒட்டவில்லை. இப்போது இளையவள் தாரணி டேட்டா சயின்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இவளையும் தப்பான இடத்தில் தள்ளிவிட்டேன் என்றால் என்னால் தாங்க முடியாது.

புதுச்சேரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் விஜயா. என் கணவரின் தங்கை, ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். தாரணி அவள் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம். தவிர, தனியார் பல்கலைக்கழகம், தேவாலயத்தார் நடத்தும் உதவிபெறும் கல்லூரி, அரசுக் கல்லூரி என்று மூன்று வகையும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தனியாரில் தாரணிக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். விருதுநகரில் கணிதத்துக்கு ஓர் இடம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதைத்தான் தாரணி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். விஜயாவின் கணவர் ஏழுமலை அண்ணன் பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டரோடு வந்திருந்தார். இரண்டு பேர், மூன்று பை, ஒரு ஸ்கூட்டர். பைகளை மட்டும் வாங்கிக்கொண்டு, பின்னாலேயே ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகவரிச் சீட்டும் எங்கள் போன்களும் அந்தப் பைகளுக்குள் போய்விட்டன. ரெட்டியார்பாளையத்தில் எந்தத் தெரு என்று தெரியாமல் வெயிலில் அரை மணி நேரம் சுற்றினோம். ஆட்டோக்காரர் வேண்டுமென்றே சுற்றுகிறார் என்று நினைத்தேன். கடைசியில் நான் நினைவுபடுத்திச் சொன்ன எண்ணில் அவரே தன் போனிலிருந்து விஜயாவைக் கூப்பிட்டு வழி கேட்டு இறக்கிவிட்டார், சுற்றியதற்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

விஜயா சுறாப்புட்டு செய்திருந்தாள். எங்கள் ஊரில் சாயங்காலம் ஆனால் எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டாவும் சால்னாவும்தான் தெய்வம். மீனை உதிர்த்துப் புட்டாக்குவார்கள் என்பதையே நான் வெகுநாள் நம்பாமல் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே ஏழுமலை அண்ணனிடம் கல்லூரிகளைப் பற்றிக் கேட்டேன். கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தர், ஊர் விஷயம் எல்லாம் தெரிந்தவர்.

"எல்லா காலேஜும் ஒண்ணுதான் தங்கச்சி," என்றார். "பஸ்ஸு கலருதான் வேற."

புதன்கிழமை தனியார் பல்கலைக்கழகத்தின் பேருந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. குளிரூட்டிய பேருந்து, எங்களைப்போல இன்னும் பத்துப் பதினைந்து குடும்பங்கள். கடலூர்ச் சாலையில் போய் எங்கேயோ உள்ளே திரும்பி, நீலக் கண்ணாடி பதித்த ஒரு கட்டடத்துக்கு முன்னால் நின்றது. வாசலில் சந்தனம், கற்கண்டு, ஆளுக்கொரு துணிப்பை. கல்யாண வீட்டு வரவேற்பு தோற்றுவிடும். பெண் வீட்டார் இவ்வளவு விழுந்து விழுந்து கவனித்தால் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்களுக்கென்று ஓர் ஆலோசகர், பிரியங்கா என்று பெயர், இருபத்து மூன்று வயது இருக்கலாம். நான்கு வருடப் படிப்பு, நிறுவனங்களோடு ஒப்பந்தம், வேலை நிச்சயம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். முதல் வருடம் புள்ளியியல் யார் நடத்துகிறார் என்று கேட்டேன். "நல்ல ஃபேகல்ட்டி மேடம்" என்றாள். பெயர் கேட்டேன். சிரித்தாள். அவள் பக்கத்து மேசைக்காரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பேசினாள். அம்மாதான் கேள்வி கேட்கிறார், அப்பா வரவில்லை, நான் மகளிடம் பேசிக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். எனக்கு ஆங்கிலம் புரியாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்தார்கள். அறுபது புத்தம்புதுக் கணினிகள். தாரணியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். முன்வரிசை தவிர மற்றவற்றின் திரையில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளே உரிக்கப்படவில்லை. வாசலில் மாணவர்கள் வந்து போகிற நேரம் எழுதும் பதிவேடு இருந்தது. பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, பத்து மணி முதல் பன்னிரண்டு வரை என்று பக்கம் பக்கமாக ஒரே பேனா, ஒரே சாய்வு. இரண்டு மாதத்தில் ஒரு பிள்ளைகூட ஐந்து நிமிடம் தாமதமாக வரவில்லை. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட பதிவேடு, ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்த அன்று காலையில்தான் எழுதப்படும்.

தாரணி அதையெல்லாம் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரிய சுவரொட்டியின் முன் நின்றுவிட்டாள். மாணவர்கள் செய்த ஆராய்ச்சி, பக்கத்திலேயே பரிசுக் கோப்பை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு வருடம் நேரில் போய்ச் சங்கரா, நெத்திலி, காரல் மீன் ஏலங்களைக் குறித்து, விலையை முன்கூட்டியே சொல்ல ஒரு முறை கண்டுபிடித்தார்களாம். ஒவ்வொரு ஏலத்துக்கும் எத்தனை கிலோ என்று கிராம்வரை போட்டிருந்தது. "பாத்தியாம்மா, இதுதான் டேட்டா சயின்ஸ்," என்று போனில் படம் பிடித்துக்கொண்டாள். பல நாளாக நானும் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதில் எனக்கே மனசு இளகியது.

மத்தியானம் ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், ஐஸ்கிரீம். நான் திரும்பவும் பதிவேட்டைப் பார்க்கப் போய் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்ததில் பேருந்து கிளம்பிப் போய்விட்டது. காலையில் வீட்டு வாசலுக்கே வந்த வண்டி, மத்தியானம் பத்து நிமிடம் நிற்கவில்லை. வெயிலில் நடந்து சாலைக்கு வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துத் தவளக்குப்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். நோணாங்குப்பத்தில் படகுத்துறைக்குப் போகிற கார்கள் சாலையை அடைத்து நின்றதில் பஸ் நகரவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், தினமும் இதே கதிதான், அந்தப் படகு போகிற கடற்கரைக்குப் பாரடைஸ் என்று பெயர் வேறு என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தாரணி அத்தையிடம் அந்தப் படத்தைக் காட்டினாள். விஜயா வாரத்துக்கு இரண்டு நாள் துறைமுகத்தில் மீன் வாங்குகிறவள். உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க யாரு அண்ணி தராசு வெச்சிருக்கா? சங்கரால்லாம் கூடையாத்தான் ஏலம் போவும்," என்றாள்.

 ஏலத்தில் எடையே போடாதபோது கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது? தாரணி, ஒருவேளை அந்த மாணவர்களே எடுத்துப்போய் எடை போட்டிருப்பார்கள் என்றாள். இருக்கலாம், நேரில் பார்த்துவிடுவோம் என்றேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் விஜயாவோடு துறைமுகத்துக்குப் போனோம். மீன்பிடிக்கத் தடை போட்ட இரண்டு மாதம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். விருதுநகர்க்காரிக்கு மீன் என்றால் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவதுதான். இங்கே தரை முழுக்க மீன், கால் வைக்க இடமில்லை. ஏலம் விடுகிறவர் ஒரு கூடையின் முன் நின்று விலையைக் கூவுகிறார், சுற்றி நிற்கிற பெண்கள் தலையை அசைக்கிறார்கள், கூடை கைமாறுகிறது. ஒரு கூடைக்கு அரை நிமிடம் ஆகவில்லை. தராசு எங்கே என்று என் கண் தானாகத் தேடியது. வெகுதூரத்தில் இறால் எடுக்கிற கம்பெனி வண்டியின் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தது.

விஜயாவுக்கு வழக்கமாக மீன் கொடுப்பவர் அஞ்சலை, ஐம்பது வயதுக்காரர், நான்கு கூடை எடுத்துத் தனக்கு முன்னால் வைத்திருந்தார். ஒரு கூடையில் எவ்வளவு எடை இருக்கும், யாரும் எடை போடச் சொல்ல மாட்டார்களா என்று அவரிடம் நான் கேட்ட தோரணை சரியில்லை போலிருக்கிறது. என்னை ஏற இறங்கப் பார்த்து, நான் ஆபீஸிலிருந்து வருகிறேனா என்று விஜயாவிடம் கேட்டார். நான் ஆபீஸ்காரிதான், ஆனால் இந்த ஊர் ஆபீஸ் இல்லை. விஜயா சிரித்துச் சமாளித்தாள்.

"கூடைக்கு ஏதும்மா எட?" என்றார் அஞ்சலை. "எடுக்கறவ கண்ணுக்குத்தான் எட. எறாலு, பெரிய மீனு கம்பெனிக்குப் போவறதுன்னா தராசுல வெப்பாங்க. நாங்க எடுக்கறது கூடதான்."

மாணவர்கள் யாராவது வந்து எடை போட்டார்களா என்று தாரணி கேட்டாள். சில பிள்ளைகள் நோட்டு வைத்துக்கொண்டு வருவார்கள், எதையோ எழுதுவார்கள், எடை போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். தாரணி விடவில்லை. போனில் படத்தைப் பெரிதாக்கி, வைகாசி மாதத்தில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு சங்கரா வந்தது என்று அவருக்குப் படித்துக் காட்டினாள். அஞ்சலை கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"வைகாசியிலயா? அப்போ போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடந்துச்சேம்மா. சின்ன போட்டுக்காரங்க கொண்டாந்தது ரவயூண்டுதான். இவ்ளோ சங்கரா எந்தக் கடல்லேருந்து வந்துச்சாம்?"

தாரணி போனை அணைத்துவிட்டாள்.  நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிள்ளை வாடிப்போயிருந்தாள், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்று மத்தியானமே தேவாலயத்தார் கல்லூரிக்குப் போனோம். பழைய கட்டடம், உயரமான ஜன்னல்கள், வேப்ப மரம், சத்தமே இல்லாத தாழ்வாரம். காத்திருக்கிற அறையில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பம் ஒன்று, பேரனுக்காக வந்திருந்தது. பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னார். அவர் மனைவி நான் பார்ப்பதைக் கவனித்து, இவர்கள் சுவருக்கு வெள்ளையடித்த அளவுக்குப் பாடத்துக்கு அடிக்கவில்லை என்கிறார் என்று தமிழில் சொன்னார். அவர் பேசியது அதைவிட மூன்று பங்கு நீளம். மீதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் சொன்னது வீண் பேச்சில்லை. துறையின் பெயர்ப்பலகையில் 'தரவு அறிவியல்' என்று புது எழுத்து. சாய்ந்து நின்று பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் 'கணினிப் பயன்பாட்டியல்' என்ற பழைய எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தது. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பலகையைப் போலவேதான் அதுவும். பழைய பாடங்களுக்கு நடுவே நான்கு புதிய தாள், அதிலும் இரண்டு மூன்றாம் வருடத்தில்தான். துறைத்தலைவரான பாதிரியார் மறைக்கவில்லை. கணினி ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்போம், வருகைப் பதிவில் கண்டிப்பு, புள்ளியியல் ஆசிரியர் மிக நல்லவர், மற்றதைப் பிள்ளைகள் வெளியே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். மோசமான கல்லூரி இல்லை. மூன்றில் ஒழுங்கானது அதுதான் என்றுகூடச் சொல்வேன். பலகையை மாற்றாமல் இருந்திருந்தால் நான் இன்னும் அதிகமாக நம்பியிருப்பேன்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் சமோசா சாப்பிடும்போது, இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம் என்றாள் தாரணி. எதை முதலாவதாக வைத்திருக்கிறாள் என்று கேட்டேன். சமோசாவின் முனையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தனியாரைத்தான் இன்னும் மனசில் வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. அறுபது கணினியும் கண்ணாடிக் கட்டடமும் பார்த்த பிள்ளை, ஒரு மீன் கூடைக்காக அதை விட்டுவிடுவாளா?

வெள்ளிக்கிழமை காலையில் பிரியங்கா ஒன்பதாவது தடவையாகக் கூப்பிட்டாள். இந்தமுறை தாரணியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மீன் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றாள். பிரியங்கா ஒருங்கிணைப்பாளரிடம் இணைப்பைக் கொடுத்தாள். அவர் பதற்றப்படவே இல்லை. அது பயிற்சிக்காக உருவாக்கிக்கொண்ட தரவு, எல்லா இடத்திலும் இப்படிச் செய்வதுதான் என்றார். அப்படி ஒரு முறை உண்டு, அதில் தப்பில்லை என்று தாரணியும் எனக்குச் சைகையில் சொன்னாள். பிறகு போனில் கேட்டாள்:

"அப்போ போஸ்டர்ல ஏன் சார் துறைமுகத்துக்கு நேர்ல போய் எடுத்ததுன்னு போட்டுருக்கு?"

 அதெல்லாம் சின்ன விஷயம், நாளை பன்னிரண்டு மணிக்குள் இடத்தை உறுதி செய்துவிடுங்கள் என்று அவர் வைத்துவிட்டார். தாரணி அந்தச் சுவரொட்டியின் படத்தைப் போனிலிருந்து நீக்கியதை நான் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு அரசுக் கல்லூரிக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர் எங்களை வேறு ஓர் அரசுக் கல்லூரியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. சரியான கல்லூரிக்கு நடந்தே போனோம். வாசலில் தள்ளுவண்டியில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு சொம்பு குடித்தபிறகுதான் உயிர் வந்தது. எங்கள் ஊர்க் கூழுக்குத் தொட்டுக்கொள்ள இதைவிடப் பத்து வகை இருக்கும், ஆனால் அந்த வெயிலில் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

யாரும் வரவேற்கவில்லை. துறை எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டு மாடிக்குப் போனோம். ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மொத்தம் முப்பது, வேலை செய்பவை பத்தொன்பது. பிலோமினா என்ற பேராசிரியை உள்ளே தனியாக உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தார். பழுப்புப் பருத்திப் புடவை, மேசையில் பாதி குடித்த மோர். எங்களைப் பார்த்ததும், இது அட்மிஷன் அறை இல்லை, கீழே போங்கள் என்றார்.

நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன். புள்ளியியல் யார் எடுக்கிறார்? அவரே எடுக்கிறார். மற்றவை? ஒரு பணியிடம் காலி, கௌரவ விரிவுரையாளர் வந்து போகிறார், போன வருடம் பாதியில் நின்றுவிட்டார். வேலைவாய்ப்பு? கம்பெனிகள் வருவது குறைவு, பிள்ளைகளே தேடிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தன் கல்லூரியைத் தானே குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிச் சொல்லி விரட்டிவிட்டு இடத்தை வேறு யாருக்காவது வைத்திருக்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

மாணவர்கள் எங்கிருந்து தரவு எடுக்கிறார்கள் என்று தாரணி கேட்டாள். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நான்கு நீள நோட்டுகளை எடுத்துவந்து போட்டார். அதே துறைமுகம், அதே ஏலம். மீன் உப்பும் ஈரமும் பட்டு ஓரமெல்லாம் உப்பியிருந்தன. கூடை பெரியதா சின்னதா, ஏலம் எத்தனை மணிக்கு, யார் எடுத்தது, என்ன விலை என்று வெவ்வேறு கையெழுத்தில் பத்தி பத்தியாக இருந்தது. எடை என்ற பத்தியில் முதல் சில பக்கங்களில் எண்கள் இருந்தன. எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருந்தது. அதற்குப் பிறகு நோட்டு முழுக்க 'தெரியாது', 'தெரியாது' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். சித்திரை பிறந்ததிலிருந்து பல பக்கங்களுக்குப் பெரிய படகு இல்லை என்று ஒரே குறிப்பு.

"மொதல்ல ஆளுக்கொரு எடய அவங்களாவே போட்டுட்டு வந்துட்டாங்க," என்றார் பிலோமினா. "போய் ஒக்காந்து எல்லாத்தயும் அடிங்கன்னு சொல்லிட்டேன். அழுதுடுச்சிங்க ரெண்டு பொண்ணுங்க."

அந்த நோட்டை நான் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. கடைகளில் எத்தனையோ பதிவேடு பார்த்திருக்கிறேன். அடித்தலும் சுருக்கொப்பமும் உள்ள பதிவேட்டை எழுதியவனை நான் இரண்டாம் தடவை சோதித்ததில்லை. தாரணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூடையின் அளவை வைத்து எடையைத் தோராயமாக எப்படிக் கணிக்கலாம் என்று அவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். கூடையின் அடியில் ஐஸ் எவ்வளவு என்பது வேறு இருக்கிறதே என்றார் அவர். என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து நான்தான் குறுக்கே புகுந்து, வெளிமாநிலப் பிள்ளைக்கு இங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க," என்றார். "வெளி ஸ்டேட்டுக்கு ரொம்பக் கம்மி சீட்டு. லிஸ்ட்டு வர பத்து நாளாவும். வந்தாத்தான் சொல்ல முடியும்."

சனிக்கிழமை காலையில் விஜயா இட்லியும் வடகறியும் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். கையில் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, கிடைக்குமா என்று தெரியாத இடத்துக்குக் காத்திருப்பது என் சுபாவத்துக்கே ஒத்துவராத காரியம். கிடைக்காவிட்டால் விருதுநகரில் கணிதம்தான். தாரணிக்கு அது சம்மதமா என்று கேட்டேன். சம்மதம் என்றாள், யோசிக்காமல். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, ஒண்ணு கேக்கவா? அண்ணனுக்குக் காலேஜ் பாக்கப் போனப்போ, ஏம்மா இப்படி எதையும் தொறந்து காட்டச் சொல்லல?"

விஜயா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது நேரமில்லை, அப்பா அவசரப்படுத்தினார் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதில்கள் தயாராக இருந்தன.

"வெக்கமா இருந்துச்சு தாரணி," என்றேன்.

அதுதான் உண்மை. அன்றைக்கு எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது, ஆனால் வாயைத் திறந்தால் தப்பாகப் பேசிவிடுவேனோ என்று பயம். மற்ற பெற்றோர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்போலத் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். பட்டறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்றார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் சாவி இல்லை என்று சொன்னால் சாவி வருகிறவரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிற நான், அன்றைக்கு 'பரவாயில்லை சார்' என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மகனின் நான்கு வருடம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. இதைத் தாரணியிடம் சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அவள் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்றரைக்குப் பிரியங்கா கூப்பிட்டாள். எங்களுக்கு அந்த இடம் வேண்டாம் என்று நானே தமிழில் சொன்னேன். காரணம் கேட்டாள். மீன் என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

உடனே செந்திலுக்குப் போன் போட்டேன். பின்னால் ஹாரன் சத்தம், யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம். பார்சல் வாங்க நிற்கிறேன், சீக்கிரம் சொல்லு என்றான். சொன்னேன். உன் காலேஜ் விஷயத்தில் தப்பு என்னுடையது, நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்று அவனிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.  சாப்பிட்டாயா என்று கேட்டான். பிறகு தாரணிக்கு எது என்று கேட்டான். பத்தொன்பது கணினி, அடித்துத் திருத்திய நோட்டு, பிலோமினா, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நடுவில் குறுக்கிடவே இல்லை. 

"அந்த மிஸ்கிட்ட," என்றான், "வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு கேட்டியாம்மா? சாயங்கால வகுப்பு, இல்ல தபால்ல, எதுனாலும் சரி. எனக்கு."

"கேக்கலப்பா," என்றேன்.

பரவாயில்லைம்மா என்று சொல்லிவிட்டு, அவன் டோக்கன் வந்துவிட்டதாக வைத்துவிட்டான். நாலு நாளில் மூன்று கல்லூரியில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு கேள்விகூட அவனுக்காக இல்லை. ஊருக்குப் பஸ் மூன்று மணிக்கு. சனிக்கிழமை பிலோமினா வந்திருப்பாரா, வந்திருந்தாலும் கிளம்பியிருப்பாரா என்று தெரியவில்லை. தாரணியைப் பைகளைக் கட்டச் சொல்லிவிட்டு, தெருமுனைக்கு வந்து ஆட்டோவை நிறுத்தி, எந்த அரசுக் கல்லூரி என்று இந்தத் தடவை இரண்டு முறை தெளிவாகச் சொல்லி ஏறினேன்.